ஒரே பெட்டி, ரெண்டு அடுப்பு

நம்ம வீடுகள்ல இப்போ நிறைய இருக்கிறது கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ். பேருக்குத்தான் ஒரு பெட்டி. உள்ளே ரெண்டு அடுப்பு. குழப்பமே அங்கதான். மைக்ரோவேவ் மோடுல அலைகள் சாப்பாட்டில் இருக்கிற தண்ணியைச் சூடாக்குது. சாம்பார் 100 டிகிரியைப் பெருசா தாண்டாது, அதனால 'மைக்ரோவேவ் சேஃப்' டப்பா தாங்கும். கன்வெக்‌ஷன்ல காத்தே 180 டிகிரி. அந்த டப்பா பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். 160 டிகிரி வாக்கில் உருகிடும். எவர்சில்வர் பாத்திரம் அப்படியே தலைகீழ்: கன்வெக்‌ஷன்ல ஓகே, மைக்ரோவேவ்ல பொறி பறக்கும்.

இன்னொரு சிக்கல் இருக்கு. கேக்கை வெளியே எடுத்த கையோட, அதே பெட்டியில் டப்பாவை வெச்சு மைக்ரோவேவ் பட்டனை அமுக்கினா? மோடு சரிதான், ஆனா சுவரும் தட்டும் இன்னும் கொதிக்குது. நம்ம ஆபீஸ் பாஷையில், ஸ்டேட் ரீசெட் ஆகலை. கதவைத் திறந்து ஆறவிடுங்க. பசி தாங்கலையா, சாம்பாரை கேஸ்லயே சூடு பண்ணிடுங்க.

அப்புறம் பிளக். 2300 வாட்ஸ்னா 230 வோல்ட்டில் 10 ஆம்பியர். லேப்டாப் சார்ஜர் மாட்டுற 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதுக்கு ஆகாது. வாடகை வீட்டு கிச்சன்ல 16 ஆம்பியர் சாக்கெட் இல்லைன்னா, ஓனர்கிட்ட பேசிட்டு அப்புறம் பெட்டியை வாங்குங்க.

உள்ளே ஏதாவது தீப்பிடிச்சா, கதவைத் திறக்காம சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. காத்து உள்ளே போச்சுன்னா தீ பெருசாகும்.