புறங்கை வீக்கமெல்லாம் நீர்க்கட்டியா?
(ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



மருத்துவம் படிக்காதவர்களும் வந்திருப்பதால் எளிமையாகவே பேசுகிறேன். முதல்ல உங்க காலைப் பாருங்க. விரல்களை மேலே தூக்கினால், கணுக்காலுக்கு முன்னே வெளிப்பக்கமாகச் சின்னப் புடைப்பு தெரியும். அது விரல்களை நிமிர்த்தும் குட்டைத் தசை. கையில் அப்படியொன்று சாதாரணமாகக் கிடையாது. நூறு கைகளில் இரண்டு, மூன்றில் மட்டும் இருக்கும். எக்ஸ்டென்சார் டிஜிடோரம் பிரெவிஸ் மேனஸ்! அனாடமி பரீட்சையோடு நாம் விட்டுவிட்டு வந்த பெயர்.

அது இருக்கிற பலருக்குத் தொல்லையே இல்லை. உழைக்கிற கையில்தான் சங்கடம். நம்ம உக்கடத்தையே எடுத்துக்குங்க. மீன் மார்க்கெட்டில் நாளெல்லாம் மீன் வெட்டுகிறவர், பழைய இரும்புக் கடையில் பாரம் தூக்குகிறவர், இவர்களுக்கு வேலை கூடக் கூடத் தசையும் பருக்கும். மணிக்கட்டின் மேலே குறுக்காக ஓடும் பட்டையோ விரிந்து கொடுக்காது. அதன் விளிம்பில் தசை இடிபட்டு, புறங்கையில் வலியும் வீக்கமும் வரும்.

கை அறுவையைக் கற்க வெளிநாட்டு டாக்டர்களே கோவை கங்கா மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஆனால் உக்கடத்துக்காரர் முதலில் வருவது தெருமுனை கிளினிக்குக்குத்தான். "கட்டி வந்துருச்சுங்க டாக்டர், குத்தி எடுத்துருங்க" என்பார். இடத்தைப் பார்த்தால் நீர்க்கட்டி மாதிரியே இருக்கும். தசைக்குள் ஊசி போட்டால் நீர் எங்கே வரும்?

மணிக்கட்டைச் சற்றே மடக்கி, விரல்களை நிமிர்த்தச் சொல்லி, மேலிருந்து அழுத்துங்கள். வீக்கம் இறுகினால் அது தசை. டார்ச் அடித்தால் நீர்க்கட்டி பெரும்பாலும் ஒளிரும், தசை ஒளிராது. சந்தேகமிருந்தால் அல்ட்ராசவுண்ட், விரலை அசைக்கையில் தசை சுருங்குவது திரையிலேயே தெரியும்.

வலி இல்லாவிட்டால் சும்மா விடலாம். இருந்தால் முதலில் ஓய்வு. தினக்கூலிக்காரருக்கு ஓய்வு என்பது சம்பளமில்லாத நாள் என்பதையும் நினைவில் வைத்தே சொல்ல வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் பட்டையைத் தளர்த்தலாம், அல்லது தசையை எடுக்கலாம்.

எடுப்பதில்தான் ஒரு எச்சரிக்கை. ஆள்காட்டி விரலுக்கென்றே உள்ள எக்ஸ்டென்சார் இண்டிசிஸ் சிலருக்கு இருக்காது. அவருக்கு அந்த விரலைத் தனியாக நிமிர்த்திக் கொடுப்பதே இந்தக் குட்டித் தசைதான். ஆகவே திறந்ததும் முதலில் அந்தத் தசைநாணைத் தேடுங்கள். காணோமென்றால் பட்டையை மட்டும் தளர்த்திவிட்டு, தையல் போட்டு அனுப்பிவிடலாம்.