பரிசல்காரரின் கைத்திறன்

ஆற்றைக் கடத்திவிடுகிறவரை ஓடக்காரர் என்போம், தோணிக்காரர் என்போம். காவிரி பாறைகளுக்கு நடுவே பாய்ந்து வரும் ஒகேனக்கல்லில் அவர் பரிசல்காரர். இன்று அவருடைய கைத்திறனைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மூங்கில் பிளாச்சுகளை வட்டக் கூடைபோலப் பின்னிச் செய்வது பரிசல். முன்பு அதன்மேல் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். அடி தட்டையாக இருப்பதால் ஆழமில்லாத நீரிலும் போகும். கரைக்கு வந்ததும் ஒரே ஆள் கவிழ்த்துத் தூக்கிச் சென்றுவிடலாம்.

ஆனால் இந்தக் கலத்துக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. சுக்கானும் கிடையாது. ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பரிசல்காரர் போக வேண்டிய திசையைப் பார்த்து உட்கார்ந்து, துடுப்பை எட்டிப் போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். வலப்புறம் ஒரு இழுப்பு, இடப்புறம் ஒரு இழுப்பு. அவர் பார்க்கும் பக்கமே பரிசலுக்கு முன்பக்கம் ஆகிறது. பரிசலைச் சுழற்றிக் காட்டினால் பயணிகள் கைதட்டுகிறார்கள். சுழலவிடாமல் கொண்டுபோவதுதான் பெரிய வித்தை.

ஆளை ஏற்றும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. "நீங்க இந்தப் பக்கம் வாங்க, தம்பி அந்தப் பக்கம் உக்காரட்டும்" என்று ஆளைப் பார்த்தே எடையைப் பங்கிட்டுவிடுவார். எதிர்க்கரைத் துறைக்கு நேராகவும் விடமாட்டார். நீரின் வேகம் குறைந்த கரையோரமாகவே சற்று மேலேறி, பிறகுதான் குறுக்கே விடுவார். ஆறு கீழே தள்ளும் தூரம் அவர் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். நேற்று வெளியே தெரிந்த பாறை இன்று மூழ்கியிருந்தால், மேலே நீர் நெளிவதைப் பார்த்தே விலகுவார்.

ஒகேனக்கல்லுக்குக் கீழே, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசலில் மீன் பிடிப்பவர்களுக்கு இதே வட்ட வடிவம் வசதி. எந்தப் பக்கமிருந்தும் வலையை இழுக்கலாம். அங்கே அவர்கள் கவனிக்க வேண்டியது காற்றையும் அலையையும்.

கர்நாடக அணைகளிலிருந்து வரும் நீரை எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்ட மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. பரிசல்காரருக்கு அன்றைய கூலி இல்லாமல் போய்விடும். ஓட்டும் நாளில் கூடுதல் ஆளை மறுப்பது அவருக்கு எளிதல்ல. அதனால்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். லைஃப் ஜாக்கெட்டை மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். "இன்னும் ரெண்டு பேரை ஏத்திக்கங்க" என்று அவரை வற்புறுத்தாதீர்கள். துடுப்புப் பிடிப்பது எவ்வளவு திறமையோ, வருமானம் போனாலும் "முடியாது" என்று சொல்வதும் அவ்வளவு திறமை. அந்தச் சொல்லுக்கு நாம் கட்டுப்படுவதே அவருடைய கலைக்குச் செய்யும் மரியாதை.