சலவை இயந்திரம் ஏன் நின்றது?

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மேற்புறம் மூடி திறக்கும் சலவை இயந்திரம் ஒன்று வீட்டில் திடீரென்று நின்றுவிட்டால் நாம் என்ன செய்யலாம் என்பதே அது. இதையும் வானொலியில் பேச வேண்டுமா என்று மாணவ நண்பர்கள் நினைக்கலாம். பல ஆண்டுகள் பௌதிகம் கற்பித்த எனக்கே இந்தப் பாடம் வகுப்பறையில் கிடைக்கவில்லை. என் வீட்டுப் பின்கட்டில்தான் கிடைத்தது. ஆகையால் அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2023ஆம் ஆண்டுக் கோடையில் என் அன்னையார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார்கள். நாள்தோறும் நான்கைந்து விரிப்புகளைத் துவைக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் இயந்திரம் நின்றது. பழுதுபார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "என்ன செய்கிறது?" என்று கேட்டார். "ஓடவில்லை" என்றேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன சொல்ல முடியும்? மின்னணுப் பலகை கெட்டிருக்கலாம் என்றும், மாற்றுவதானால் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்றும், வர நான்கு நாட்கள் செல்லும் என்றும் சொன்னார். என் மனைவி கையாலேயே துவைக்கத் தொடங்கினாள்.

மூன்றாம் நாள் அவள் என்னிடம் வந்து, "அத்தை தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறார்கள்" என்றாள். நான் போய்க் கேட்டேன். "நான் குடித்தால் துணி நனையும். அவள் ஒருத்தி எவ்வளவுதான் துவைப்பாள்?" என்றார்கள் அம்மா. கத்தரி வெயில் காலம் அது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஒரு பொருளை உற்றுநோக்கிய பின்னரே அதைப் பற்றிப் பேசவேண்டும் என்று மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நானோ இயந்திரத்தை ஒரு முறையேனும் நின்று பார்க்கவில்லை.

அன்றிரவு ஒரு முக்காலியைப் போட்டு அதன் முன்னே அமர்ந்தேன், பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. ஆகவே மின்சாரம் வருகிறது. உள்ளே நீர் விழுந்தது. ஆனால் நூல் போல விழுந்தது. நெடுநேரம் கழித்து இயந்திரம் ஒலியெழுப்பிவிட்டு நின்றது. குறித்த நேரத்திற்குள் நீர் நிறையாவிட்டால் வேலையை நிறுத்திவிடுமாறு அதனை அமைத்திருக்கிறார்கள். அது கெட்டுப்போகவில்லை, நீருக்காகக் காத்திருந்து சோர்ந்துபோயிற்று.

சலவை இயந்திரத்தின் வேலை நான்கு கட்டங்களைக் கொண்டது: நீர் நிறைதல், துவைத்தல், நீர் வடிதல், சுழற்றிப் பிழிதல். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை அறிந்தால் காரணத்தைத் தேடவேண்டிய இடம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

முதற்கட்டத்தில் தவறு நேர்ந்தால், குழாய் முழுவதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, குழாயை மூடி, மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, நீர் வரும் ரப்பர்க் குழலை இயந்திரத்திலிருந்து கழற்றி, ஒரு வாளிக்குள் பிடித்துக் குழாயைத் திறந்து பாருங்கள். வாளியில் நீர் நன்றாகப் பாய்ந்தால், குற்றம் இயந்திரத்தின் வாயில் இருக்கிறது. அங்கே நாணயமளவில் ஒரு சிறு சல்லடை உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பும் மணலும் அதில் படிந்து அடைத்துக்கொள்ளும். வாளியிலும் நீர் மெல்ல வந்தால் குற்றம் மேல்நிலைத் தொட்டியினுடையது. பத்து மீட்டர் உயரமுள்ள நீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தருகிறது என்று படித்திருப்பீர்கள். மாடியின் மேல்தளத்தில் குடியிருப்பவருக்கோ தொட்டி தலைக்கு மேல் ஒன்றிரண்டு மீட்டரில்தான் இருக்கும். கீழ்வீட்டில் நன்றாக ஓடும் அதே இயந்திரம் மேல்வீட்டில் தடுமாறுவது இதனால்தான்.

நீர் தாராளமாக வந்தும் நிறையவில்லை என்றால், அடியிலுள்ள வடிகால் அடைப்பானில் நூலோ ஊசியோ சிக்கி அது மூடாமல் இருக்கலாம். நிறைந்த பின்னும் நீர் நிற்கவில்லை என்றால் வேறொரு காரணம் உண்டு. தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழல் மேலே செல்கிறது. நீர் ஏற ஏற அதில் அடைபட்ட காற்று நெருக்குண்டு, உச்சியிலுள்ள உணர்கருவியை அழுத்துகிறது. குழல் கழன்றாலோ, விரிசல் கண்டாலோ, நீர்மட்டம் இயந்திரத்திற்குத் தெரியாது. இது பழுதுபார்ப்பவர் கவனிக்கவேண்டியது.

இரண்டாம் கட்டத்தில், இயந்திரம் உறுமுகிறது. ஆனால் துணி அசையவில்லை என்றால், முதலில் துணியைக் குறைத்துப் பாருங்கள். ஏழு கிலோ இயந்திரம் என்றால் அது உலர்ந்த துணியின் எடை. சுழல்தட்டின் அடியில் நாணயமோ கொண்டையூசியோ புகுந்தாலும் கடகடவென்று ஓசை வரும். பையைச் சோதித்துவிட்டுத் துணியைப் போடுவது நலம். துணி குறைந்தும் உறுமல் மாறாவிட்டால் வார்ப்பட்டையோ மின்தேக்கியோ பழுதாகியிருக்கலாம். உடனே நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் மோட்டார் சூடேறிக் கெடும்.

மூன்றாம் கட்டம் வடிதல். நம் நாட்டில் விற்கும் இவ்வகை இயந்திரங்களில் பலவற்றுக்கு நீரிறைக்கும் பம்பு இல்லை; அடைப்பான் திறந்ததும் நீர் தன் எடையாலேயே வடிகிறது. அத்தகைய இயந்திரத்தின் வடிகுழலை உயரத் தூக்கி வைத்தால் நீர் எவ்வாறு மேலேறும்? குழல் தரையோடு கிடக்க வேண்டும், மடங்கவும் கூடாது. பம்பு உள்ள இயந்திரமானால், குழலை எவ்வளவு உயரத்தில் வைக்கவேண்டும் என்பதைக் கையேட்டில் காணலாம்.

நான்காம் கட்டம் பிழிதல். மூடி சரியாக மூடாவிட்டால் இயந்திரம் சுழல மறுக்கும். அது நம் கைக்குப் பாதுகாப்பு. பெரும்பாலான தொல்லை துணி ஒருபக்கமாய்ச் சேர்வதால் வருகிறது. இருபது சென்டிமீட்டர் ஆரமுள்ள தொட்டி நிமிடத்திற்கு எழுநூறு முறை சுழன்றால், அதிலுள்ள துணி புவியீர்ப்பைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட விசையுடன் சுவரை அழுத்துகிறது. ஒரு கிலோ ஈரத்துண்டு நூறு கிலோ மூட்டைபோல் ஒருபுறம் இடித்தால் இயந்திரம் குதிக்காமல் என்ன செய்யும்? துணியைப் பிரித்துப் பரப்பிப் போடுங்கள். மேலே ஒரு தட்டில் நீர் வைத்து, இயந்திரம் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்துக் கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள். சவர்க்காரத்தூள் மிகுந்தாலும் நுரை பெருகிச் சுழற்சியைத் தடுக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயாளியின் படுக்கையில் விரிக்கும் ரப்பர் விரிப்பை ஒருபோதும் இயந்திரத்தில் இடலாகாது. நீர் அதனுள் தேங்கி நிற்கும்; அது சுழலும் வேகத்தில் இயந்திரமே புரளக்கூடும்.

இவ்வளவும் நாமே பார்க்கலாம். ஆயினும் ஓர் எல்லை உண்டு. மின்செருகியைப் பிடுங்காமல் எதையும் தொடாதீர்கள். உடலில் சுரீரென்று மின்சாரம் தாக்கினாலோ, கருகல் நாற்றம் வந்தாலோ, நிலத்தொடர்பு இல்லாத மின்வாயிலில் செருகியிருந்தாலோ, ஆராய்ச்சி வேண்டாம், அறிந்தவரை அழையுங்கள். பின்தகட்டைத் திறக்கவும் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கியில் ஏற்றம் தங்கியிருக்கலாம். பழுதுபார்ப்பவரை அழைக்கும்போது "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கட்டத்தில், எந்த ஓசையுடன், எந்தக் குறியைக் காட்டி நின்றது என்று சொல்லுங்கள். மருத்துவரிடம் நோயாளி சொல்லும் வரலாறு போன்றது அது. அதைச் சொல்லாமல் விட்ட குற்றம் என்னுடையதே. அந்தத் தொழிலாளியுடையது அன்று.

அன்றிரவு நான் கழற்றிப் பார்த்த சல்லடை நுண்மணலால் அடைபட்டிருந்தது. அதற்கு முந்தைய வாரம் மேல்தொட்டியைக் கழுவியிருந்தோம். கலங்கிய மணல் குழாய்வழி இறங்கியிருக்கிறது. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டினேன். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. தொட்டிக்குள் நீர் கொட்டும் ஓசை பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மாவுக்கும் கேட்டது.

"ஓடுகிறதா?" என்று கேட்டார்கள்.

"ஓடுகிறது, அம்மா" என்றேன்.

"அப்படியானால் கொஞ்சம் தண்ணீர் கொடு" என்றார்கள்.