பித்து இருக்கு, காதல் எங்கே?

(கே.கே. நகர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, 1997-ல் வந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' லேசுப்பட்ட நாவலில்லை. சோனா நதி, யுகத்துக்கொருமுறை புரண்டு படுக்கும் பெருஞ்சிலை, ஞானசபை விவாதம், கடைசியில் பிரளயம். ஒரு நகரத்தையே கட்டி அழிச்சுக் காட்டுறார். ஒத்துக்கறேன்.

ஆனா, திருவடி லலிதாங்கியைப் பார்க்கிறான், பித்தாகிறான். அவள் மனசு? பேங்க் குமாஸ்தா பாஷையில சொன்னா, பேரேட்டில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கு.

சாதி பயப்படுவது கோபுரத்துக்கல்ல. ஒரு பெண் 'இவன்தான்' என்று சொல்வதற்கு. 2016-ல் உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். உயிர்பிழைத்த மனைவி கௌசல்யா, கோர்ட்டில் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். அந்தக் குரல் இல்லாத நகரம் எவ்வளவு உசரமானாலும் பாதிதான். மீதியை நாமதான் எழுதணும்.