நலம் விசாரிப்பதோடு முடிவதில்லை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களை அருகிலிருந்தே நலம் விசாரிக்கும் பொருட்டு, நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுந் நபவீயிலேயே ஒரு கூடாரம் அமைக்கச் செய்தார்கள். காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்துவந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரம் அது என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். நோயாளிக்கும் பள்ளிவாசலுக்கும் அன்றிருந்த தூரம் அவ்வளவுதான்.

நம் மஹல்லாவில் மார்பகப் புற்றுநோய் கண்ட ஒரு சகோதரிக்காகச் சென்ற ஆண்டு ஜும்ஆவில் துஆச் செய்தோம். பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகையும் கொடுத்தோம். கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டோம். மூன்றாம் முறை மருந்தேற்றிக்கொள்ள அவர் போகவேயில்லை என்பதை நமக்குத் தெரிவித்தவர் மருத்துவமனையின் சமூகப் பணியாளரான ஓர் இளம்பெண். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவரல்லர். வராத நோயாளிகளைத் தேடிப் பிடிப்பதும் அவர் பணியாம்.

அவர் அந்த வீட்டின் அடுப்படியில் அமர்ந்து கேட்டறிந்தவை: தலைமுடி கொட்டிவிட்டது, இது தொற்றும் நோய் என அண்டை வீட்டார் பேசினர், மகளுக்கு வரன் அமையாதோ என்ற அச்சம், உடன் செல்ல ஆளில்லை. இவற்றுள் ஒன்றேனும் நம் செவிக்கு எட்டவில்லை. ஓர் இமாமிடம் எந்தப் பெண்தான் இவற்றைச் சொல்வாள்?

தொடுவதாலோ ஒரே தட்டில் உண்பதாலோ இந்நோய் பரவாது என்பதையும், சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் முடி மீண்டும் வளரும் என்பதையும் மாமியாருக்கு அவர் பொறுமையாக விளக்கினார். 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ரூ.5 இலட்சம் வரை கிடைக்கும். அதற்கான வருமானச் சான்றிதழ் அந்த வீட்டில் இல்லை, நாமும் கேட்கவில்லை. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணையாளுக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டென்பதும் அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

அல்ஹம்துலில்லாஹ், சிகிச்சை மீண்டும் தொடங்கியது. ஆயினும் விடுபட்ட வாரங்களைத் திரும்பப் பெற இயலாதென மருத்துவர் கூறியது நம் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

எனவே நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். சான்றிதழ் வாங்கித் தரவும் மருத்துவமனைக்கு உடன் செல்லவும் ஆண்கள் இருவர், பெண்கள் இருவர் தேவை. வீட்டினுள் சென்று பேசப் பெண்களே வேண்டும். ஆண்கள் மட்டும் போதுமென்று எண்ணிவிட வேண்டாம். வழிமுறைகளைக் கற்றுத்தர அச்சமூகப் பணியாளர் இசைந்துள்ளார். விரும்புவோர் வரும் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகக் குறிப்பேட்டில் பெயர் எழுதலாம். ஆண்கள் பகுதியில் முதல் பெயராக நம் பெயரை எழுதிவிட்டோம்.