இரு முனையும் ஒரு கூட்டல்

வேலை முடிந்து, சமையலும் முடிந்து, அஞ்சடியில் பாய் விரித்து உட்காரும் நேரத்தில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடத்தக்க ஒரு விளையாட்டைப் பற்றி இன்று பேசுவோம். கணக்கென்றால் ஒதுங்கிப் போகும் பிள்ளையையும் இது கூட்ட வைக்கும், வகுக்க வைக்கும். 'ஐந்தும் மூன்றும்' என்பது இதன் பெயர். டோமினோ காய்களைக் கொண்டு ஆடுவது.

டோமினோ சீனத்தில் பிறந்தது. சீனர்களின் கட்டில் 32 காய்கள் உண்டு. இரண்டு பகடைகளை உருட்டினால் 21 விதமான சேர்க்கைகள் விழும். அந்த 21 காய்களோடு, அவற்றுள் 11 காய்களை இன்னொரு முறையும் சேர்த்து 32 ஆக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் டோமினோ ஆடப்பட்டது. அங்கிருந்து ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கும் பரவியது. ஐரோப்பியக் கட்டில் ஒரு காயும் இருமுறை வராது. ஆனால், புள்ளியே இல்லாத வெற்றுப் பக்கம் சேர்ந்தது. அதனால் காய்கள் 28. நாம் சொல்லப் போகும் ஆட்டம் இங்கிலாந்தில், முக்கியமாக அதன் வட பகுதி மதுக்கடைகளில், ஆடப்பட்டு வரும் ஆட்டம்.

மதுக்கடை ஆட்டம் வீட்டுக்கு எதற்கு என்று தாய்மார்கள் கேட்கலாம். மதுவை அங்கேயே விட்டுவிடுவோம்; கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கடையில் காய் வாங்க வேண்டும் என்பதில்லை. தடித்த அட்டையை ஒரே அளவில் 28 துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு கோடு. கோட்டின் இருபுறமும் வெற்று முதல் ஆறு வரை புள்ளிகள். வெற்று-வெற்று, வெற்று-ஒன்று என்று தொடங்கி ஆறு-ஆறு வரை எழுதினால் 28 வந்துவிடும். இதைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள்.

இருவர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். காய்களைக் கவிழ்த்துக் கலைத்து, ஆளுக்கு ஏழு எடுக்க வேண்டும். மீதி 14 காய்களும் கவிழ்ந்தபடியே கிடக்கட்டும். முதல் ஆள் ஒரு காயை வைப்பார். அடுத்தவர், ஏதாவது ஒரு முனையில் உள்ள எண்ணோடு பொருந்தும் காயை அங்கே சேர்ப்பார். இப்படியே வரிசை நீளும். இரட்டைக் காயைக் குறுக்காக வைக்க வேண்டும்; அது முனையில் இருக்கும்வரை அதன் இரு பக்கப் புள்ளிகளையும் எண்ண வேண்டும். வைக்கக் காய் இல்லாதவர் தரையைத் தட்டிவிட்டு முறையை விட்டுக்கொடுப்பார்.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். காய் வைத்தவுடன் இரு முனைகளையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை ஐந்தால் மீதியின்றி வகுபட்டால், வகுத்து வந்த ஈவுதான் மதிப்பெண். மூன்றால் வகுபட்டாலும் அப்படியே. 9 என்றால் மூன்று மதிப்பெண். 10 என்றால் இரண்டு. 12 என்றால் நான்கு. 18 என்றால் ஆறு. 7, 8, 11 போன்றவற்றுக்கு ஒன்றும் இல்லை. 15 மட்டும் தனிச் சிறப்புடையது. ஐந்தால் வகுத்தால் மூன்று, மூன்றால் வகுத்தால் ஐந்து, ஆக எட்டு மதிப்பெண்! இந்த ஆட்டத்தில் ஒரே காயில் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு அதுதான்.

ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். அண்ணன் ஆறு-ஆறை வைக்கிறான். கூட்டுத்தொகை 12, நான்கு மதிப்பெண். தங்கை அதன் ஒரு பக்கத்தில் ஆறு-மூன்றைச் சேர்க்கிறாள். ஒரு முனையில் 12, மறுமுனையில் 3. கூட்டினால் 15, எட்டு மதிப்பெண். அண்ணன் மூன்று-மூன்றைக் குறுக்காக வைக்கிறான். 12-உம் 6-உம் 18, ஆறு மதிப்பெண். தங்கை ஆறு-ஆறின் மறுபக்கத்தில் ஆறு-நான்கைச் சேர்க்கிறாள். 4-உம் 6-உம் 10, இரண்டு மதிப்பெண். இருவரும் இப்போது பத்துக்குப் பத்து!

அண்ணன் முதலில் ஆறு-ஆறை வைத்தது சரிதானா என்று சற்று யோசியுங்கள். அவன் கையில் ஆறு-மூன்று இல்லை. அவன் காணாத காய்கள் 21. அவற்றில் ஏழு தங்கையிடம் உள்ளன. ஆகவே ஆறு-மூன்று அவளிடம் இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நான்கை எடுக்கப் போய் எட்டைக் கொடுக்க நேரும். அதற்குப் பதிலாக ஐந்து-நான்கை வைத்திருந்தால்? கூட்டுத்தொகை 9, கிடைப்பது மூன்றுதான். ஆனால் அதற்கு எந்தக் காயைப் பதிலாக வைத்தாலும் எதிரிக்கு இரண்டுக்கு மேல் கிடைக்காது. வேண்டுமானால் ஒவ்வொரு காயாக வைத்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் ஆபத்து இல்லை. ஆறு-மூன்று நம் கையிலேயே இருந்தால் கதை வேறு. அப்போது ஆறு-ஆறைத் துணிந்து வைக்கலாம்.

ஆக, எவ்வளவு எடுக்கிறோம் என்று பார்ப்பதோடு, எதை விட்டு வைக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். இந்த ஆட்டம் சொல்லித் தரும் பெரிய பாடம் இதுதான்.

நினைவாற்றலுக்கும் இங்கே வேலை உண்டு. ஒவ்வோர் எண்ணும் ஏழு காய்களில்தான் இருக்கிறது. மூன்று உள்ள காய்கள் ஏழும் வெளியே வந்துவிட்டு, இரு முனைகளிலும் மூன்றே நின்றால், இனி யாராலும் வைக்க முடியாது. எண்ணிக்கொண்டே ஆடுபவருக்கு இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கையில் உள்ள காய்கள் தீர்ந்தாலோ, இருவராலும் வைக்க முடியாமல் போனாலோ, மறுபடியும் கலைத்துப் புதிதாக எடுக்க வேண்டும். மதிப்பெண் தொடர்ந்து வரும். முதலில் 61-ஐ எட்டுபவர் வென்றவர். இங்கிலாந்தில் துளையிட்ட பலகையில் முளைக்குச்சிகளை நகர்த்தி எண்ணுவார்கள். நமக்குப் புளியங்கொட்டை போதும். ஆனால் 61-ஐச் சரியாக எட்ட வேண்டும். 57-இல் இருப்பவருக்குத் தேவை நான்கு. அதற்கு முனைகள் 12 அல்லது 20 ஆக வேண்டும். 61-ஐத் தாண்டும்படி வைத்தால் அந்தக் காய்க்கு மதிப்பெண் இல்லை. கூட்டலும் வகுத்தலும் போதாமல் கழித்தலும் இங்கே வந்துவிடுகிறது, பாருங்கள்.

பெற்றோர்களுக்கு இரண்டு வார்த்தைகள். முதலாவது, காசு வைத்து ஆட வேண்டாம். பத்துக் காசு என்றாலும் வேண்டாம். காசு வந்தால் பிள்ளையின் கண் முனையை விட்டுக் காசின்மேல் போய்விடும். இரண்டாவது, பிள்ளை தவறாகக் கூட்டினால் அதட்டாதீர்கள். "இன்னொரு தரம் எண்ணிப் பார், அம்மா" என்று சொல்லுங்கள். தானே கண்டுபிடித்த விடை மறக்காது.

நிறுத்துப் போட்ட பாலுக்கும் குலைக்கும் எவ்வளவு கூலி, சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு, கடைப் பற்று எவ்வளவு என்று தானே கூட்டிப் பார்க்கத் தெரிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. அந்தத் தைரியம் பாயில் உட்கார்ந்து விளையாடும்போதே வளரட்டும்.

முடிவாக, பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. 28 காய்களிலும் உள்ள புள்ளிகள் மொத்தம் எத்தனை? ஒன்று ஒன்றாக எண்ண வேண்டாம். ஒவ்வோர் எண்ணும் எட்டு முறை வருகிறது; ஒன்று முதல் ஆறு வரை கூட்டினால் 21. இனி விடையை நீங்களே கண்டுபிடித்து, அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லுங்கள்.