முதல் பருவத்தில் எதை எடுப்பது?

(வணிகவியல், வணிக நிர்வாகவியல் முதலாமாண்டு மாணவர்களுக்கான வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்லூரி திறந்து சில நாட்கள்தான் ஆகின்றன. உங்களில் பலர் கையில் ஒரு படிவம் இருக்கிறது. தமிழ்வழியா ஆங்கிலவழியா, பகுதி 1இல் எந்த மொழி, பகுதி 4இல் எந்த விருப்பப் பாடம் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். ஆடிட்டர் மாமாவோ பேங்க் மேனேஜர் பெரியப்பாவோ உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படிவம் சாப்பாட்டு நேரத்திலேயே நிரம்பிவிடும். நம் வீட்டில் கேட்டால் அம்மா என்ன சொல்வார்? "உனக்கு எது தோணுதோ அதைப் போடுப்பா" என்பார். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எதைப் போட்டானோ அதையே நாமும் போட்டுவிடுகிறோம். வணிகவியல் சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில், அந்தப் பெரியப்பா வேலையை இன்று நான் கொஞ்சம் பார்க்கிறேன்.

முதலில் தேர்வுக்கே இடமில்லாத பாடத்தைப் பேசிவிடலாம். நிதிநிலைக் கணக்கியலை எல்லோரும் படித்தாக வேண்டும். பிளஸ் டூவில் மூணாவது குரூப் எடுத்தவர்களுக்கு இது பழைய நண்பன். அறிவியல் குரூப்பிலிருந்து வந்தவர்களுக்குப் பற்று, வரவு என்ற சொற்களே மிரட்டும். நான் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொன்னார்: "வியாபாரக் குடும்பத்துப் பசங்களுக்கு இது ரத்தத்துல வரும், மத்தவங்க மனப்பாடம் பண்ணிக்குங்க." வகுப்பில் பாதிப் பேர் அன்றைக்கே தலையைக் குனிந்துவிட்டார்கள்.

இரட்டைப் பதிவு முறை ரத்தத்தில் ஓடிய கதை எங்கும் இல்லை. வெனிஸ் நகர வணிகர்கள் கையாண்டு வந்த அந்த முறையை லூக்கா பாச்சோலி என்ற துறவி 1494இல் புத்தகமாக அச்சிட்டார். அவர் கணித ஆசிரியர். புத்தகத்தில் ஏறியதை எவரும் படிக்கலாம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சொற்கள் முன்பே பழகியிருக்கும், அவ்வளவுதான். அந்த இடைவெளியை அடைக்கத் தமிழ்நாட்டு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூல் போதும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் இருக்கிறது. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு ஆகிய மூன்றையும் முதல் மாதத்துக்குள் கையால் போட்டுப் பழகுங்கள். அறிவியல் குரூப்பிலிருந்து வந்தவர்கள் இதைத் தள்ளிப் போடவே கூடாது.

அடுத்தது படிக்கும் வழி. இதில் எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் செய்த திருத்தத்தின்படி, பள்ளியிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் வந்த ஒரு தோழர், "இங்கிலீஷ் மீடியம்னா கெத்து" என்று கல்லூரியில் மாறினால், பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் பணிகளில் அந்த முன்னுரிமையை ஒரு டிக் அடித்து இழந்துவிடுகிறார். டி.என்.பி.எஸ்.சி.தான் இலக்கு என்றால் இதை முதலில் யோசியுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். அந்தப் பாதைக்குப் போகிறவர் ஆங்கிலவழியில் படிப்பதில் நியாயம் இருக்கிறது. வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு இருந்தால் முதல்நிலைத் தேர்வு எழுதாமலே சி.ஏ. இடைநிலைக்கு நேரடியாகப் பதியலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பருவ மதிப்பெண்ணும் சேர்ந்துதான் அந்த 55 வரும்.

பகுதி 1இல் மதிப்பெண் அள்ளலாம் என்று பிரெஞ்சு எடுக்கச் சொல்வார்கள். பிரெஞ்சு படிக்க ஆசை இருந்தால் தாராளமாகப் படியுங்கள். ஆனால் டி.என்.பி.எஸ்.சி.யில் இப்போது தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதில் குறைந்தது 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தக்கூட மாட்டார்கள்.

இனி, "ஏதோ ஒண்ணு போடு" என்று நாம் அலட்சியமாக விடுகிற பகுதி 4. பிற துறைப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானோர் கேட்பது ஒரே கேள்வி: "எந்த சார் ஈஸியா மார்க் போடுவார்?"

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எடுத்த பாடங்களின் கணக்கு நம்மிடம் இருக்கிறது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. அவருடைய துறை பொருளியல். ரூபாயின் சிக்கல் பற்றி லண்டனில் அவர் எழுதிய ஆய்வு 1923இல் நூலாக வந்தது. அதே மனிதர் 1916இல், கொலம்பியாவில் ஒரு மானுடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தார். நாம் இன்றும் அதைக் கையில் வைத்திருக்கிறோம். துறைக்கு வெளியே போய்ப் படித்ததால் வந்த கட்டுரை அது.

உங்கள் கல்லூரியில் வரலாறோ சமூகவியலோ பொருளியலோ பிற துறைப் பாடமாக இருந்தால் அதை எடுங்கள். மேலாண்மைக் கோட்பாடுகளில் 'பணியாளர் தேர்வு' என்று ஒரு தலைப்பு வரும். விளம்பரம், விண்ணப்பம், நேர்காணல் என்று படிப்படியாகச் சொல்லும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அந்தப் பாடத்தில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. தனியார் நிறுவனங்களுக்கு, ஒரே தகுதியோடு, பெயரில் மட்டும் சாதி தெரியும்படி விண்ணப்பங்களை அவர்கள் அனுப்பினார்கள். நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு தலித் பெயருக்கு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், மூன்றில் இரண்டு பங்குதான். 2012இல் வந்த இன்னோர் ஆய்வு, இந்தியாவின் ஆயிரம் பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பார்த்தது. சுமார் 93 விழுக்காடு முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு.

இந்த எண்களைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. நல்ல பாடம் எடுத்து நல்ல மார்க் வாங்கினால் சாதி விலகிவிடும் என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அம்பேத்கர் 1918இல் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். கொலம்பியாவில் படித்த அவர் பொதுப் பானையில் தண்ணீர் குடிப்பதை உடன் வேலை செய்த பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். ஒரு வணிகவியல் கல்லூரியிலேயே இது நடந்தது. அதன் பிறகும் மாணவர்கள் அவர் வகுப்பைத் தேடி வந்தார்கள் என்பதும் வரலாறு. நமக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்: கணக்கும் வேண்டும், கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் வேண்டும்.

கடைசியாகக் கால அட்டவணை, காசு. மாலையில் துணிக்கடைக்கோ கேட்டரிங்குக்கோ போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஷிப்ட் எது, வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது என்று பார்த்து வேலை நேரத்தைப் பேசுங்கள். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வெழுதுவதே சிக்கலாகும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. மாதத் தேர்வை விட்டால் அது திரும்பக் கிடைக்காது.

குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு இந்த மாதமே விண்ணப்பியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு தயாராக இருக்கட்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் உண்டு. ஆபீஸ் ரூமில் "அப்புறம் வா" என்றால், எப்போது வரவேண்டும் என்று தேதி கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள். இது யாரும் போடும் பிச்சை இல்லை, சட்டப்படி நமக்குச் சேரவேண்டியது.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுத் தோழர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவர்களோடு உட்காருங்கள். என்ன ஆகவேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதை முதலில் சொல்லுங்கள், பிறகு பேனாவைத் திறங்கள். பழைய கணக்கியல் புத்தகங்கள் பன்னிரண்டு கொண்டு வந்திருக்கிறோம். அறிவியல் குரூப்பிலிருந்து வந்தவர்களுக்கு முதலில்.